தாமரையிலைத் தண்ணீரும் வழுக்கும் பூச்சும்

(ஓர் சொற்பொழிவு)



"தாமரையிலைத் தண்ணீர்போல் ஒட்டாமலிரு" என்று நமக்கு வெகுகாலமாய்ப் புத்தி சொல்லப்பட்டு வருகிறது. சொன்னவர்களும் ஏராளம், தலையாட்டினவர்களும் ஏராளம். ஆனால் அந்த இலையில் தண்ணீர் ஏன் ஒட்டவில்லை என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தினமும் குளத்துக்குப் போகிற நாமாவது கேட்டோமா? இல்லை.

கேட்டவர் ஜெர்மனி தேசத்துத் தாவர சாஸ்திரியான வில்ஹெல்ம் பார்த்லாட் என்பவர். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் இலையை வைத்துப் பார்த்தார். இலைமுழுதும் கண்ணுக்குத் தெரியாத சிறுசிறு மேடுகள். மேடுகளின்மீது மெழுகுத் துகள்கள். தண்ணீர் அந்த உச்சிகளின்மேல் மாத்திரம் உட்காருகிறது. அடியில் காற்று நிற்கிறது. ஆகவே துளி உருண்டோடுகிறது. ஓடும்போது தூசியையும் வாரிக்கொண்டு போகிறது. 1997-ல் அவரும் அவருடைய சகாவும் இதை விளக்கி எழுதினார்கள். விஷயம் இவ்வளவுதான்.

ஆனால், தோழர்களே, இந்த ஏற்பாட்டில் ஒரு குறையுண்டு. காற்றை நம்பி நிற்கிற காரியமாதலால், எண்ணெயை விட்டால் பரவி ஒட்டிக்கொள்ளும். பலமாய் அழுத்தினால் காற்று வெளியேறித் தண்ணீரும் உள்ளே புகுந்துவிடும். அப்படியானால் இதைவிட நல்ல உபாயம் உலகத்தில் இல்லையா? இருக்கிறது. அது ஒரு செடியின் வாயில் இருக்கிறது.

குடுவைச் செடி என்று ஒன்று உண்டு. சத்தில்லாத மண்ணில் வளர்வதால் பூச்சியைப் பிடித்துத் தின்று பிழைக்கிறது. அதன் குடுவையின் விளிம்பில் நுண்ணிய வரப்புகள் இருக்கின்றன. மழையோ பனியோ பட்டால் அந்த வரப்புகள் தண்ணீரை மெல்லிய ஏடாகப் பிடித்து வைத்துக்கொள்ளுகின்றன. எண்ணெய்ப் பசையுள்ள எறும்பின் பாதம் அந்தத் தண்ணீரைத் தாண்டி விளிம்பைத் தொட முடிவதில்லை. எறும்பு வழுக்கிக் குடுவைக்குள் விழுகிறது. இதை 2004-ல் போன், ஃபெடர்லே என்னும் இருவர் பரீட்சித்துக் காட்டினார்கள். தாமரை காற்றைப் பிடித்து வைக்கிறது. குடுவைச் செடி திரவத்தையே பிடித்து வைக்கிறது.

அமெரிக்காவில் ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஜோனா ஐசன்பர்க் அம்மையாரும், டாக்-சிங் வாங் முதலியவர்களும் 2011-ல் இந்த உபாயத்தைக் கையாண்டார்கள். நுண்ணிய துளைகள் நிறைந்த ஒரு பொருளில், தண்ணீரோடும் எண்ணெயோடும் ரத்தத்தோடும் கலவாத ஓர் வழுக்குத் திரவத்தை ஊறவைத்தார்கள். துளைகள் அந்தத் திரவத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும். மேலே எதை ஊற்றினாலும், சிறிது சாய்த்தால் வழுக்கிப் போய்விடும். கீறினாலும் பக்கத்திலுள்ள திரவம் ஓடிவந்து கீறலை மூடிக்கொள்ளும்.

இதனால் நமக்கென்ன என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். படுக்கையில் கிடப்பவருக்கு மூத்திரக் குழாய் போடுகிறார்கள். சில நாளில் ஜுரம் வருகிறது. "அவருக்கு நேரம் சரியில்லை" என்று நாம் சொல்லிவிடுகிறோம். நேரமல்ல, தோழர்களே, கிருமி! குழாயின்மேல் கிருமிகள் ஒட்டி, பசையைக் கக்கி, அதற்குள்ளே கூட்டமாய்க் குடியேறிவிடுகின்றன. அந்தப் பசைக்கோட்டைக்குள் இருக்கும் கிருமியை மருந்து சுலபத்தில் கொல்லுவதில்லை. வெள்ளி போன்ற கிருமிக்கொல்லியைக் குழாயில் பூசினாலோ, அது நாளாவட்டத்தில் கரைந்து தீர்ந்துவிடும்.

வழுக்குப் பூச்சோ கொல்லப் பார்ப்பதில்லை. காலூன்ற இடம் கொடுப்பதில்லை. 2012-ல் வெளியிட்ட பரீட்சையில், சூடோமோனாஸ் என்கிற கிருமிக்கூட்டம் ஒட்டுவதை 7 நாள் வரையில் 100-க்கு 99.6 பங்கு இப்பூச்சு தடுத்தது. ரத்த விஷயமும் இப்படியே. குழாயில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தே சிலருக்கு ரத்தப்போக்கை உண்டாக்குகிறது. 2014-ல் இதே ஹார்வர்டைச் சேர்ந்தவர்கள் பூச்சிட்ட குழாயைப் பன்றிகளின் ரத்தக்குழாயோடு இணைத்தபோது, அந்த மருந்தில்லாமலே குறைந்தது 8 மணி நேரம் அடைப்பின்றி ரத்தம் ஓடிற்று.

இவ்வளவும் சொன்னோம் என்பதற்காக இதை ஓர் அற்புதமென்று கும்பிட்டுவிடாதீர்கள். இதிலும் குறையுண்டு. ஓட்டம் அதிகமானால் திரவம் கொஞ்சங் கொஞ்சமாய் அடித்துக்கொண்டு போய்விடும், போனபின் வழுக்காது. முதலில் கையாண்ட ஃப்ளோரின் சேர்ந்த திரவங்கள் மண்ணிலும் நீரிலும் எளிதில் அழிவதில்லை. ஆதலால் சிலிக்கோன் எண்ணெய் முதலான வேறு திரவங்களைக்கொண்டு பலர் பரீட்சை செய்கிறார்கள். குறையைச் சொல்லுவதால் ஒரு கண்டுபிடிப்பின் யோக்கியதை குறைந்துபோகாது, மறைத்தால்தான் குறையும்.

முடிவாக ஒன்று. நாம் சொன்னதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. நாளைக் காலையில் ஒரு தாமரையிலையோ சேப்பிலையோ பறித்து, உங்கள் பிள்ளைகளை எதிரில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் ஒரு துளி தண்ணீரும் மறுபக்கம் ஒரு துளி எண்ணெயும் விட்டுப் பாருங்கள். ஒன்று உருளும், ஒன்று பரவும். "ஏன்?" என்று பிள்ளை கேட்கும். அப்போது "அது அப்படித்தான்" என்று வாயை அடைக்காதீர்கள். நாம் இன்று இவ்வளவு நேரம் பேசியது அதற்காகத்தான்.