நாளத்தின் வழி ஊட்டும் உணவு

குறைமாதத்திற் பிறந்த சிசுவின் குடல், பாலைச் செரிக்கும் வலிமையை உடனே பெற்றுவிடுவதில்லை. அவ்வலிமை வருமளவும் உணவு நாளத்தின் வழியே செலுத்தப்படுகின்றது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் மருத்துவர் ஸ்டான்லி டட்ரிக்கும் அவர்தம் குழுவினரும் இம்முறையால் ஒரு குழந்தையை வளர்த்துக் காட்டிய செய்தி 1968இல் வெளியாயிற்று.

குளுக்கோசு, அமினோ அமிலங்கள், கொழுப்பு, உப்புக்கள், விற்றமின்கள் ஆகியவற்றைக் கொண்ட பையே அவ்வுணவு. வாயால் உண்பதிற் கிருமி புகுந்தால் இரைப்பையின் அமிலம் ஓரளவேனும் தடுக்கும். நேரே குருதியிற் கலப்பதற்கோ அத்தகைய காவல் இல்லை. ஆதலின், காவல் முழுவதும் மருந்தாளர், தாதியர் ஆகியோரின் கையிலேயே தங்கியுள்ளது.

மருந்தகத்திற் கலந்த பையை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்தல் வேண்டும். உறையவிட்டாற் கொழுப்புத் துளிகள் ஒன்றுகூடிப் பிரிந்துவிடும். வெப்பம் மிகுந்தாலோ, கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்து படிவாகலாம். அத்தகைய படிவினால் இருவர் இறந்தமை கருதி, 1994இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் எச்சரிக்கை விடுத்தது. கொழுப்பின் வெண்மை அப்படிவைக் கண்ணுக்குப் புலப்படாது மறைக்கும். ஆகவே குழாயில் வடிகட்டியும் அவசியமாகின்றது.

ஒளியும் பகையே. ஒளி பட்டால் விற்றமின்கள் சிதையும். தீங்கு செய்யும் பேரொட்சைட்டுக்கள் தோன்றும். ஆகவே, 2 வயதுக்குட்பட்டோருக்குச் செலுத்தும் பையையும் குழாயையும் ஒளிபடாது மூடுமாறு ஐரோப்பிய மருந்துகள் முகவரகம் 2019இல் அறிவுறுத்தியது.

குளிர்சாதனப் பெட்டியுட் பேணிய பையைத் தொட்டிலருகே மூடாது தொங்கவிடுதல், காவலைப் பாதி வழியிற் கைவிடுதலேயாகும்.