சாவி நம் கையில்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பழைய கதை வேண்டாம், உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே லினக்ஸ் கம்ப்யூட்டரில் 'ஜாமி' என்ற மென்பொருளை நிறுவிய கதையையும், அதில் நான் பட்ட அடியையும் சொல்கிறேன்.

ஜாமி கனடாவின் மான்ட்ரியல் நகரில் உருவானது. முன்பு 'ரிங்' என்று பெயர். 2018இல் ஜாமி ஆயிற்று. இலவசம். எழுதலாம், முகம் பார்த்துப் பேசலாம், கோப்பு அனுப்பலாம். இதில் என்ன புதுமை என்கிறீர்களா? வழக்கமான செயலிகளில் நம் கணக்கு ஒரு நிறுவனத்தின் சர்வரில் இருக்கும். ஜாமியில் நடுவில் அப்படி ஒரு கணக்குப்பிள்ளை கிடையாது. டெலிபோன் டைரக்டரியைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் வைத்துக்கொண்டது போல, முகவரிகள் பயனர்களின் கணினிகளிலேயே பரவிக் கிடக்கின்றன. தேடிக் கண்டுபிடித்து நேராகப் பேச வேண்டியதுதான். இரு தரப்பும் ஒரே நேரத்தில் இணைப்பில் இருந்தால்தான் செய்தி போய்ச் சேரும். அது ஒரு குறைதான்.

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்கள் முதலில் ஜாமியின் கையொப்பச் சாவியைச் சேர்க்க வேண்டும். பிறகு அதன் களஞ்சிய முகவரி. அதன்பின் 'ஆப்ட் அப்டேட்', 'ஆப்ட் இன்ஸ்டால் ஜாமி'. முதல் படியைச் சோம்பல்பட்டு விட்டுவிடாதீர்கள். வந்த பொட்டலம் செய்தவர்களிடமிருந்தே வந்ததா என்று கணினி பார்ப்பது அந்தச் சாவியை வைத்துத்தான்.

எனக்குச் சுலபமாகவே முடிந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் ஹாஸ்டல் அறைத்தோழனோடு தினமும் அரட்டை. ஒரு நாள் யோசிக்காமல் ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்தேன். மறுபடி நிறுவித் திறந்தால், கணக்கே இல்லை! கணக்கின் சாவிகள் என் டிஸ்க்கில் மட்டுமே இருந்தன, டிஸ்க்கோடு போய்விட்டன. மீட்டுத் தரச் சொல்லி யாரைக் கேட்பது? கேட்க ஆளே இல்லை.

புதுக் கணக்கிலிருந்து அழைப்பு அனுப்பினேன். இரண்டு நாளாகியும் அவன் ஏற்கவில்லை. கோபத்தோடு போன் போட்டேன். "உன் பேர்ல எவனோ வந்திருக்கான்னு நெனச்சேன்டா. இப்ப உன் குரலைக் கேட்டாச்சு, நம்பறேன்" என்றான். அவன் செய்ததுதான் சரி. 40 எழுத்து அடையாள எண்ணைப் போனிலேயே படித்துச் சரிபார்த்துக்கொண்டோம். காலமாகிவிட்ட அவன் அம்மா என்னிடம் பேசி அனுப்பிய குரல் பதிவு என் பக்கம் அழிந்திருந்தது. நல்லவேளை, அவனிடம் இருந்தது, திருப்பி அனுப்பினான்.

மாணவர்களே, நிறுவி முடித்ததும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். கணக்கை உடனே பேக்கப் எடுத்து ஒரு பென் டிரைவில் போட்டுப் பீரோவில் வையுங்கள். இன்னொரு கருவியையும் அதே கணக்கில் இணையுங்கள். பாஸ்வேர்டு வைத்தால் மறக்காதீர்கள். மாற்றித் தர ஒருவரும் இல்லை. நம் பேச்சு நமக்கு மட்டும் என்று ஆசைப்பட்டால், சாவியைக் காக்கும் வேலையும் நமக்குத்தான்.