இரும்பின் உறுதியும் இளைஞர் அறிவும்



நாம் பள்ளித் தலைமையாசிரியரேயன்றி உலோகவியல் அறிஞர் அல்லோம். வார்ப்படச் சாலையில் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவரிடம் கற்றதையே இவ்வெள்ளி விழாவில் கூற விழைகின்றோம். நம் பிள்ளைகள் பலர் உலையடியில் நிற்கின்றனர். ஆணை அவர்களுக்குத் தெரியும். அதன் காரணமும் தெரிதல் வேண்டும்.

சிமெண்டு ஆலையில் கிளிங்கரை அரைக்கும் இரும்புக் குண்டுகள் ஓயாது மோதியும் உராய்ந்தும் தேய்கின்றன. சாதாரண வெள்ளை வார்ப்பிரும்பு கடினமானதே. ஆயினும் அதிலுள்ள இரும்புக் கார்பைடு வலைபோல் தொடர்ந்து கிடப்பதால், ஓரிடத்து விரிசல் எளிதில் எங்கும் பரவும். குரோமியத்தை ஏறத்தாழ 12 விழுக்காட்டிற்கு மேல் சேர்த்தால், வேறுவகைக் கார்பைடு தனித்தனிக் கோல்களாக உருவாகின்றது. அது குவார்ட்சு மணலினும் கடினமானது. விரிசலும் எளிதில் ஓடாது.

கல் மட்டும் சுவராகாது, சாந்தும் வேண்டும். கார்பைடைத் தாங்கும் தளமே இங்குச் சாந்து. வார்த்தெடுத்தபோது அது பெரும்பாலும் ஆஸ்டினைட் என்னும் மென்மையான அமைப்பு. அதனை மார்ட்டென்சைட் என்னும் வன்மையான அமைப்பாக்குவதே வெப்பப் பதனம். வார்ப்படத்தை மெல்லச் சூடேற்றி, 950 முதல் 1050 பாகை செல்சியசில் பல மணி நேரம் வைக்கின்றனர். அப்போது தளத்தில் கரைந்திருந்த கரியும் குரோமியமும் நுண்ணிய கார்பைடுத் துகள்களாகப் பிரிகின்றன. கரி குறைந்த ஆஸ்டினைட், காற்றில் ஆறும்போது மார்ட்டென்சைட்டாகின்றது. அரிவாளைப்போல் நீரில் தோய்த்தால் வார்ப்படம் வெடித்துவிடக்கூடும். பின்னர், 200 முதல் 250 பாகையில் மீண்டும் சூடேற்றி உள்ளிறுக்கத்தைத் தணிக்கின்றனர்.

வெப்பம் குறைந்தால் மார்ட்டென்சைட்டில் கரி போதாமல் கடினம் குன்றும். மிகுந்தால் கரி மீண்டும் தளத்தில் கரைந்து, ஆஸ்டினைட் மாறாது எஞ்சும்.

ஒருநாள் நம் மாணவரின் உலையிலிருந்து வந்த குண்டுகள் அனைத்தும் மென்மையாயிருந்தன. "நேரத்திற்கு முன்பே எடுத்துவிட்டாய்" என்று பழி அவர்மேல் விழுந்தது. வேலையே போகும் நிலை. அவர் இரண்டைக் காட்டினார். ஒன்று, மணிதோறும் எழுதிய குறிப்பேடு. மற்றொன்று, ஒரு காந்தம். மார்ட்டென்சைட்டைக் காந்தம் ஈர்க்கும், ஆஸ்டினைட்டை ஈர்க்காது. அக்குண்டுகளில் காந்தம் வலுவின்றியே ஒட்டியது. "ஆஸ்டினைட் மிகுதியாக எஞ்சியுள்ளது. நேரம் குறையவில்லை, வெப்பமே மிகுந்திருக்க வேண்டும். மானியைச் சோதியுங்கள்" என்றார். சோதித்தபோது மானி குறைத்துக் காட்டியது தெரிந்தது. பழி நீங்கியது, வேலையும் நிலைத்தது.

இளைஞர்களே! உழைப்பு நம்மிடம் என்றும் இருந்தது. அவ்வுழைப்பாளியைப் பழியினின்று காத்தது காரண அறிவும் கையில் இருந்த குறிப்பேடும் அன்றோ! உலையருகே நின்றாலும் எழுதுங்கள்; ஏனென்று வினவுங்கள். ஆசிரியராகிய நாமே நம் மாணவரிடம் கற்றோம் என்பதைப் பெருமையுடன் கூறி அமைகின்றோம்.