மூங்கில் கழியும் வாளும்



நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையில் தேவனூர் நாடு என்ற பகுதி ஒன்று உண்டு. சில ஊர்களைச் சேர்த்து ஒரு 'நாடு' என்று வழங்குவது அம்மலைவாழ் மக்களின் பழைய மரபு. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே ஏற வேண்டும். ஆடி மாதத்தில் அங்கே வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை ஐந்து உயிர்களை வீழ்த்தியவன் என்று புறநானூற்றில் வன்பரணர் பாடினாரே, அந்த ஓரி ஆண்ட மலை அது. விழாவைக் காணச் சென்ற நான், இரண்டு நாட்கள் தேவனூர் நாட்டில் ஒரு நண்பர் இல்லத்தில் தங்கியிருந்தேன்.

அங்கே ஒரு மாலை வேளையில் பலா மரத்தடியில் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் ஓர் அலைபேசியைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். வில் போட்டியைத்தான் பார்க்கிறார்கள் போலும் என்று நானும் எட்டிப் பார்த்தேன். வில்லும் இல்லை, அம்பும் இல்லை. எண்கோண வடிவமான கம்பி வலைக் கூண்டுக்குள் இருவர் கட்டிப் புரண்டுகொண்டிருந்தனர். "யாரப்பா இவர்?" என்று கேட்டேன். "பிரேசில் நாட்டு ஆண்டர்சன் சில்வா, ஐயா!" என்று ஒரே குரலில் விடை வந்தது. சற்றுத் தள்ளி, மூங்கில் கழி ஒன்றைச் சுழற்றியபடி ஒரு சிறுமி நின்றிருந்தாள். அவள் அலைபேசியின் பக்கமே திரும்பவில்லை.

அன்று அவர்களிடம் நான் பேசியதையே இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்லப் போகிறேன்.

அந்தச் சண்டைக்குக் கலப்புத் தற்காப்புக் கலை என்று பெயர். மல்யுத்தம், குத்துச்சண்டை, பூட்டுப் பிடிகள் ஆகிய எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. ஆண்டர்சன் சில்வா 1975ஆம் ஆண்டு பிறந்தவர். எளிய குடும்பம். பிரேசிலின் குரிடிபா நகரில் உறவினர் வீட்டில் வளர்ந்தார். ஜியு-ஜிட்சு என்ற பிடிக்கலையைப் பள்ளி சேர்ந்து பயில வசதி இல்லை. அக்கலையைக் கற்றுக்கொண்டிருந்த அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு பழகிப் பழகியே அதன் முதற்பாடங்களை அவர் கற்றார். 2006ஆம் ஆண்டு நடுத்தர எடைப் பிரிவில் உலகப் பட்டம் அவர் கைக்கு வந்தது. 2013 வரை அதை அவர் விடவில்லை. இடையில் தொடர்ந்து 16 வெற்றிகள். பட்டத்தைக் காத்தது 10 முறை.

எனினும் அந்த மாணவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது வெற்றி மேல் வெற்றியாக அவர் குவித்த நாட்களில் ஒன்றை அன்று. 2010 ஆகஸ்ட் மாதத்தில் சேல் சொன்னன் என்ற அமெரிக்கருடன் நடந்த போர் அது. ஐந்து சுற்றுகளில் நான்கு சுற்றுகள் சில்வா கீழே கிடந்து அடி வாங்கினார். ஐந்தாம் சுற்றிலும் அதே நிலை. இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே எஞ்சியிருந்தபோது, கீழே கிடந்தபடியே எதிரியின் கழுத்தையும் ஒரு கையையும் தம் கால்களுக்கிடையே முடிச்சிட்டார். எதிரி பணிந்தார். மூன்றாண்டுகள் கழித்து, கிரிஸ் வைட்மன் என்பவர் முன் கைகளைத் தொங்கவிட்டு, முகத்தை நீட்டிக் கேலி செய்துகொண்டிருந்த கணத்தில் ஒரே குத்தில் சாய்ந்து பட்டத்தை இழந்தவரும் இதே சில்வாதான். 2015இல் ஊக்க மருந்துச் சோதனையில் சிக்கி ஓராண்டுத் தடையும் பெற்றார். இதையும் சொன்னபோது ஒரு மாணவன் முகம் வாடிற்று. ஆயினும் சொல்லத்தான் வேண்டும்.

"இப்படி ஒருவர் நம் பக்கத்தில் உண்டா, ஐயா?" என்று அவன் கேட்டான். கூண்டுக்குள் இறங்கியவர் அல்லர். ஆனால் கையில் ஆயுதம் ஏந்தி, எதிரே நிற்பவரை நேருக்கு நேர் சந்திக்கும் போட்டியில் உலகம் அறிய நின்றவர் ஒருவர் உண்டு. சென்னையைச் சேர்ந்த பவானி தேவி. வாள்வீச்சு வீராங்கனை. நான் பெயரைச் சொன்னதும் மூங்கில் கழி சுழல்வது நின்றது.

பவானி தேவி 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் பிறந்தவர். தந்தையார் கோயில் அர்ச்சகர். வீடு வண்ணாரப்பேட்டைப் பக்கம். 2004ஆம் ஆண்டு பள்ளியில் விளையாட்டுகளுக்கு மாணவியரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை பேர் என்று கணக்கு. இவர் முறை வருவதற்குள் மற்றவற்றில் இடம் நிரம்பிவிட்டது. எஞ்சியிருந்தது வாள்வீச்சு ஒன்றே. பெரும் வீரர்களின் வரலாற்றில் பிறக்கும்போதே ஏதோ அறிகுறி தோன்றியதாக எழுதுவது நம் வழக்கம். இங்கே அப்படி ஒன்றுமில்லை. மிச்சம் கிடந்ததை ஒரு சிறுமி எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

வாள்வீச்சில் மூன்று வகை வாள்கள் உண்டு. இவர் பயின்றது சேபர் என்னும் வகை. மற்ற இரண்டிலும் முனையால் குத்தினால்தான் புள்ளி. சேபரில் முனையாலும் குத்தலாம், விளிம்பாலும் வெட்டலாம். இடுப்புக்கு மேல் உடலும் தலையும் கைகளும் இலக்கு. வாளின் எடை அரைக் கிலோவுக்கு மிகாது. அதைத் தூக்க வலிமை வேண்டியதில்லை. ஆனால் அதன் வேகத்தைக் கேளுங்கள். உடையிலும் வாளிலும் மின்கம்பி இணைத்திருப்பார்கள். வாள் பட்டதும் விளக்கு எரியும். ஒருவர் வாள் பட்ட பிறகு மற்றவர் வாள் 0.17 வினாடிக்குள் பட்டால்தான் அவருடைய விளக்கும் எரியும். அதற்கு மேல் தாமதித்தால், எவ்வளவு அழகாக வெட்டினாலும் கருவி அதைக் கணக்கில் கொள்ளாது. இருவர் விளக்கும் எரிந்தால், தாக்குதலை முறைப்படி முதலில் தொடங்கியவர் யார் என்று நடுவர் பார்த்துப் புள்ளி வழங்குவார். முதலில் 15 புள்ளிகள் எடுப்பவருக்கு வெற்றி. ஒருவர் 8 புள்ளிகளைத் தொட்டதும் ஒரு நிமிட இடைவேளை உண்டு. இந்த இடைவேளையை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

பெண்களுக்கான சேபர் போட்டி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரில். வண்ணாரப்பேட்டைச் சிறுமி அக்கலையைத் தொட்டதும் அதே ஆண்டுதான்!

தொட்டார் என்று சொன்னேனே தவிர, தொடுவதற்கு வாள் எங்கே? அயல்நாட்டிலிருந்து வர வேண்டிய பொருள் அது. வாளின் அலகு முறிவதும் இவ்விளையாட்டில் சகஜம். முறிந்தால் வேறு வாங்குவது எளிதன்று. ஆதலால் அக்காலத்தில் பயிற்சிக்கு மூங்கில் கழிகள்; உண்மை வாள் போட்டி நாட்களில் மட்டும். நானும் சிறு வயதில் சிலம்பம் பயில்கிறேன் என்று கழி எடுத்து, மூன்றே மாதத்தில் என் முழங்காலை நானே பெயர்த்துக்கொண்டவன். அதனால் மூங்கிலில் பழகி வாளுக்கு மாறுவது எவ்வளவு கடினம் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. எடை வேறு, வளைவு வேறு, மணிக்கட்டுக்கு வரும் அதிர்வு வேறு.

2007ஆம் ஆண்டு துருக்கி நாட்டில் ஒரு சர்வதேசப் போட்டி. பவானி களத்துக்கு மூன்று நிமிடம் தாமதமாக வந்தார். நடுவர் கறுப்பு அட்டையைக் காட்டினார். வாள்வீச்சில் அதற்குப் பொருள், போட்டியிலிருந்தே விலக்கு என்பது. கடல் கடந்து சென்ற சிறுமி, வாளை வீசாமலே திரும்பினாள். நொடியில் ஆறில் ஒரு பங்கைக் கணக்கிடும் விளையாட்டில் மூன்று நிமிடம் என்பது எவ்வளவு பெரிய காலம் என்று எண்ணிப் பாருங்கள். விதி கடுமையானதே, ஆனால் விதி என்ற முறையில் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அத்தோடு வாளை எறிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவரை ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை.

பத்தாம் வகுப்பு முடித்ததும் கேரளத்தின் தலச்சேரியில் உள்ள இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையத்தில் சேர்ந்தார். அங்கே சாகர் லாகு என்ற பயிற்சியாளரிடம் பயின்றார். 2009இல் காமன்வெல்த் போட்டி ஒன்றில் வெண்கலம். 2014இல் பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த 23 வயதுக்குட்பட்டோருக்கான ஆசியப் போட்டியில் வெள்ளி. கேட்பதற்கு ஏணிப்படி போல இருக்கிறது. இடையில் பணமின்மையால் போக முடியாத போட்டிகள் பல. தாயார் கடன் வாங்கினார். நகைகளை அடகு வைத்தார். மகளை வாள் வீச அனுப்புவதற்கு நகையை அடகு வைத்த தாய் என்று நம் நாட்டில் எத்தனை பேரைச் சொல்ல முடியும்? இந்த வரலாற்றின் சரிபாதி அந்த அம்மையாருக்கு உரியது.

பணத்தினும் பெரிய தடை ஒன்று இருந்தது. கலப்புத் தற்காப்புக் கலையாயினும் வாள்வீச்சாயினும், தனியே பயின்று ஓர் எல்லைக்கு மேல் போக முடியாது. நம்மை வெல்லக்கூடியவர் எதிரே நிற்க வேண்டும். குரிடிபாவில் சில்வாவுக்குத் தெருவிலேயே அத்தகைய பிள்ளைகள் கிடைத்தார்கள். பவானிக்கு இந்தியாவில் கிடைக்கவில்லை. தேசியப் பட்டத்தை ஆண்டுதோறும் வெல்வதால் மட்டும் உலக அரங்குக்குப் பழக்கம் வந்துவிடாது. ஆகவே இத்தாலியின் லிவோர்னோ நகருக்குச் சென்று நிக்கோலா சனோட்டி என்ற ஆசானிடம் சேர்ந்தார். தம்மினும் வலியவர்களிடம் நாள்தோறும் தோற்பதற்காகவே ஒருவர் வீடு விட்டு, மொழி தெரியாத ஊருக்குப் போனார் என்று சொன்னால் மிகையாகாது.

2016 ரியோ ஒலிம்பிக்கில் இடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் சேட்டிலைட் உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றார். 2018இல் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் காமன்வெல்த் வாள்வீச்சுப் போட்டியில் தங்கம். 2019இல் தந்தையார் மறைந்தார். அதற்கடுத்து உலகமெங்கும் கொள்ளை நோய், போட்டிகள் நின்றன. 2021 மார்ச் மாதத்தில், தர வரிசைப்படி ஆசிய–ஓசியானியப் பகுதிக்கு உரிய இடம் அவருக்குக் கிட்டிற்று. ஒலிம்பிக் வாள்வீச்சுக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியர் அவரே.

2021 ஜூலை 26, டோக்கியோ. முதற்சுற்றில் துனிசியாவின் நாடியா பென் அசிசியை 15–3 என்று வென்றார். ஒலிம்பிக் வாள்வீச்சில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் வெற்றி அது. அடுத்து எதிரே நின்றவர் பிரான்சின் மனோன் புருனே, உலகின் முன்னணி வீராங்கனைகளில் ஒருவர். இடைவேளை வந்தபோது எண்ணிக்கை 2–8. மாணவர்களே, 2–8 என்ற நிலையில் ஒரு நிமிடம் நாற்காலியில் அமர்ந்திருப்பவரை நினைத்துப் பாருங்கள். எதிரிக்கு வேண்டியவை இன்னும் ஏழே புள்ளிகள். பவானி எழுந்து வந்து மேலும் ஐந்து புள்ளிகள் எடுத்தார். 7–15 என்று தோற்றார். புருனே பின்னர் அப்போட்டியில் வெண்கலம் பெற்றார்.

அன்றே தம் சமூக வலைத்தளப் பக்கத்தில், தம்மால் இயன்றதைச் செய்தும் வெல்ல முடியாமற் போனதற்கு வருந்துவதாக நாட்டு மக்களுக்கு எழுதினார். மூங்கில் கழியில் தொடங்கி அவ்வளவு தூரம் சென்றவர் வருத்தம் தெரிவிக்க வேண்டியதுதானா? பல்லாண்டுகள் இக்கலைக்கு வாள் கூட வாங்கித் தராத நாமல்லவா தெரிவித்திருக்க வேண்டும்?

2022இல் லண்டனில் காமன்வெல்த் தங்கத்தை மீண்டும் வென்றார். எனக்கு மிகவும் பிடித்தது அதற்கடுத்த ஆண்டின் போட்டி. 2023 ஜூன் மாதம், சீனாவின் வூசி நகரில் ஆசியப் போட்டி. கால் இறுதியில் ஜப்பானின் மிசாகி எமுரா. முந்திய ஆண்டில் கெய்ரோவில் உலகப் பட்டம் வென்றவர். அதற்கு முன் அவருடன் மோதிய போதெல்லாம் பவானி தோற்றிருந்தார். அன்று 15–10 என்று வென்றார். அரை இறுதியில் உஸ்பெகிஸ்தானின் ஜைனப் தயிபெகோவா. எண்ணிக்கை 14–14. அடுத்த வீச்சு யாருக்கோ அவருக்கே வெற்றி. அது எதிரிக்குப் போயிற்று. அரை இறுதியில் தோற்ற இருவருக்கும் அங்கே வெண்கலம் உண்டு. ஆகவே ஆசியப் போட்டியில் இந்தியாவுக்கு வாள்வீச்சில் முதற்பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் கால் இறுதியோடு நின்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறவில்லை.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது தேவனூர் நாட்டில் இருட்டத் தொடங்கிவிட்டது. மலையில் மாலை மங்கினால் விரைவில் இருள் கவிந்துவிடும். மாணவர்கள் எழுந்தார்கள். ஒருவன் மட்டும், "ஓரியும் இறுதியில் காரியிடம் தோற்றான்தானே, ஐயா?" என்றான். ஆம் என்றேன். ஓரிக்கு மறு போட்டி இல்லை. அவன் உயிரோடு மலையும் சேரன் கைக்குப் போயிற்று. இது விளையாட்டு, அடுத்த மாதம் இன்னொரு போட்டி உண்டு. அந்த வேறுபாட்டை விளக்க முயன்றேன். அவனுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

கழியுடன் நின்ற சிறுமி அதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. எல்லாரும் போன பிறகு அருகே வந்தாள்.

"அந்த வாள் எவ்வளவு நீளம், ஐயா?"

"105 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, அம்மா."

அவளுக்கு அது பிடிபடவில்லை. என் கையைப் பார்த்தாள். நான் அவளுடைய கழியைத் தரையில் கிடத்தி, ஒன்று, இரண்டு என்று சாண் போட்டு அளந்து காட்டினேன். நாலரைச் சாணுக்குச் சற்று மேலே ஒரு கணு இருந்தது. அவள் அந்த இடத்தில் பெருவிரல் நகத்தால் அழுத்தி ஒரு கோடு போட்டுக்கொண்டு, அறுவாள் கேட்கப் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.