வாரத்துக்கு ஒன்பது மாத்திரை



நாள் தள்ளிப்போகிறது. வீட்டிலேயே சோதித்துப் பார்த்தால் இரண்டு கோடு. ஏற்கெனவே தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிற பெண்கள் சிலர், அன்றைக்கே அந்த மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். “முழுகாம இருக்கிறப்போ கண்ட மாத்திரையையும் போடாதே” என்பது வீட்டுப் பெரியவர்கள் சொல்வது. பொதுவாக நல்ல புத்திமதிதான். தைராய்டு மாத்திரைக்கு மட்டும் அது செல்லாது.

ஏனென்றால், தைராக்ஸின் மாத்திரையில் இருப்பது நம் கழுத்திலுள்ள சுரப்பி சுரக்க வேண்டிய அதே ஹார்மோன். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் அது வேண்டும். முதல் மூன்று மாதத்திலேயே குழந்தையின் மூளை உருவாகத் தொடங்கிவிடுகிறது. ஆனால் குழந்தையின் தைராய்டு சுரக்க ஆரம்பிப்பது ஏறத்தாழ 12ஆவது வாரத்தில். தேவையான அளவு சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். அதுவரை அம்மாவின் ரத்தத்திலிருந்து போவதை நம்பித்தான் குழந்தை வளர்கிறது. அம்மாவுக்கே பற்றாக்குறை என்றால், கரு கலைவதற்கும் குறைமாதத்தில் பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது. மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படலாம்.

ஆக, மாத்திரையை நிறுத்துவது இருக்கட்டும், பெரும்பாலும் கூட்டவே வேண்டியிருக்கும். பழைய அளவைவிட 25 முதல் 50 சதவீதம் வரை கூடுதலாகத் தேவைப்படலாம், அதுவும் முதல் சில வாரங்களிலேயே. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு எளிய வழி ஒன்று இருக்கிறது. கரு உறுதியானதும், வாரத்துக்கு ஏழு மாத்திரை போடுகிறவர் ஒன்பது போடலாம். ரத்தப் பரிசோதனைக்கும் உடனே ஏற்பாடு செய்ய வேண்டும். நீங்களாகக் கூட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. குழந்தைக்குத் திட்டமிடும்போதே, “நாள் தள்ளினால் எத்தனை மாத்திரை போடட்டும்?” என்று உங்கள் டாக்டரைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது மாதம் முடிந்து முதல் செக்கப்புக்குப் போய்க் கேட்பதற்குள் முக்கியமான வாரங்கள் ஓடிப்போயிருக்கும்.

பரிசோதனை என்றால் டி.எஸ்.எச். பாதிக் கர்ப்பம் வரை சுமார் நான்கு வாரத்துக்கு ஒரு தடவை, பிறகு 30ஆவது வாரத்தை ஒட்டி ஒரு தடவையாவது. அந்த எண் 2.5க்குக் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்வது வழக்கம். லேப் சீட்டில் அச்சடித்திருக்கும் ‘நார்மல்’ அளவு பெரும்பாலும் கர்ப்பிணிக்கு உரியது அல்ல. அதைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். இன்னொன்று, டி.எஸ்.எச். கூடினால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கிறது என்று அர்த்தம். எண் ஏறிவிட்டதே என்று பயந்து மாத்திரையைக் குறைப்பவர்களும் இருக்கிறார்கள்! களைப்பு, மலச்சிக்கல், கால் வீக்கம் இவற்றை வைத்து எதையும் கணிக்க முடியாது. இவை கர்ப்பத்திலும் வரும், தைராய்டு குறைந்தாலும் வரும்.

மாத்திரையைச் சரியாகப் போட்டும் எண் இறங்கவில்லையா? டோஸைக் கூட்டுவதற்கு முன் உங்கள் மாத்திரை டப்பாவைக் கொஞ்சம் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதே டப்பாவில் இருக்கும். மறந்துவிடக் கூடாதே என்று எல்லாவற்றையும் காலையில் ஒரே வாயில் போட்டு விழுங்குகிறோம். இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். உடம்பில் சேர விடாது. நடுவே நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலை எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைராய்டு மாத்திரை, குறைந்தது அரை மணி நேரம் கழித்துக் காபி, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரும்பு, ராத்திரி கால்சியம் என்று பிரித்துக்கொண்டால் போதும். மசக்கையில் காலை மாத்திரை வாந்தியில் போய்விடுகிறதென்றால், டாக்டரிடம் சொல்லிவிட்டு, ராத்திரிச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்து, படுக்கப்போகும்போது போடலாம். அப்போது கால்சியத்தைப் பகலுக்கு மாற்ற வேண்டும்.

தைராய்டு குறைவு இருந்தால் முட்டைக்கோஸைத் தொடவே கூடாது என்பார்கள். சமைத்து, அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. உப்பில்தான் கவனம் தேவை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும். உடம்புக்கு நல்லது என்று இந்துப்புக்கு மாறியவர்கள் இந்த மாதங்களிலாவது அயோடின் சேர்த்த உப்புக்குத் திரும்புவது நல்லது.

பிரசவம் முடிந்ததும் பெரும்பாலும் பழைய அளவுக்கே திரும்புவார்கள். ஆறு வாரம் கழித்து அம்மாவுக்கு மறுபடியும் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுக்கும்போதும் மாத்திரையைத் தொடரலாம், பயமில்லை. பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் ஊசியால் குத்திச் சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்பார்கள். அம்மாவுக்குக் குறைபாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லாக் குழந்தைகளுக்கும் தேவையான பரிசோதனை இது. டிஸ்சார்ஜ் ஆகும் முன், எடுத்துவிட்டார்களா, முடிவு எப்போது வரும் என்று நர்ஸிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.