மடங்கும் கூரை யாருக்காக?

இன்றைய மன்றத்தின் பேசுபொருள் கூரை. வீட்டுக் கூரை அல்ல. வண்டியின் மேல் இருந்துகொண்டு, வேண்டும்போது மூடி, வேண்டாதபோது மடங்கி மறைந்துகொள்ளும் கூரை. பொத்தானை அழுத்தினால் திறக்கும் கன்வர்ட்டிபிள் காரை விளம்பரங்களில் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. அந்தக் கூரை எப்படி வேலை செய்கிறது, எங்கிருந்து வந்தது, நம் ஊர் மழைக்கு அது ஈடுகொடுக்குமா என்று கேட்டுக்கொண்டே போனால், பேச்சு கடைசியில் ஒரு லாரியின் பின்புறத்தில் போய் நிற்கும். காருக்கும் லாரிக்கும் என்ன சம்பந்தம் என்று இப்போது தோன்றலாம். சற்றுப் பொறுத்திருங்கள்.

ஃபேரர் பார்க்கிலிருந்தே தொடங்குவோம். இன்று அங்கே எம்ஆர்டி நிலையம், மருத்துவமனை, அடுக்குமாடி வீடுகள். ஆனால் 1843 முதல் 1933 வரை அது குதிரைப் பந்தயத் திடல். ரேஸ் கோர்ஸ் சாலை என்ற பெயர் மட்டும் அதன் நினைவாக மிச்சமிருக்கிறது. சிங்கப்பூரின் முதல் விமானம் 1911 மார்ச் மாதம் அந்தத் திடலிலிருந்துதான் பறந்தது. ஓட்டியவர் ஜோசப் கிறிஸ்டியன்ஸ் என்ற பெல்ஜியக்காரர். அவர் தலைக்கு மேல் கூரை ஏதும் கிடையாது! விமானங்களும் கார்களும் பெரும்பாலும் திறந்தவெளி வாகனங்களாக இருந்த காலம் அது.

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் கார் 1896-ல் வந்தது. அந்தக் காலக் கார்களில் கூரை இருந்தாலும் அது மடக்குக் கூரைதான். குதிரை வண்டியின் தோல் கூரையை அப்படியே எடுத்துக் காரில் பொருத்தினார்கள். இரும்பும் கண்ணாடியும் கொண்ட மூடிய கார்கள் 1920-களில்தான் பெருகின. அப்படிப் பார்த்தால் கன்வர்ட்டிபிள் என்பது புதுமையே அல்ல. எல்லாருக்கும் பொதுவாக இருந்த ஒன்று, மூடிய கார் வந்த பிறகு ஆடம்பரப் பொருளாக மாறியது, அவ்வளவுதான்.

கார் வாங்க வசதியில்லாதவர்களுக்கும் மடக்குக் கூரை கிடைத்தது. 1880-ல் ஷாங்காயிலிருந்து சிங்கப்பூருக்கு வந்த கை ரிக்‌ஷாவில், பயணியின் தலைக்கு மேல் ஒரு மடக்குக் கூரை உண்டு. இரண்டு மூன்று வில் கம்பிகள், அவற்றின் மேல் தடித்த துணி. கம்பிகளின் நுனிகள் எல்லாம் இருபக்கமும் ஒரே ஆணியில் சுழலும். இழுத்தால் விசிறிபோல் விரியும், தள்ளினால் மடங்கும். 1947-ல் கை ரிக்‌ஷா தடை செய்யப்பட்டபின் பெருகிய மூன்று சக்கர ட்ரைஷாவிலும் அதே அமைப்புதான். இன்றும் சுற்றுப்பயணிகளை ஏற்றிக்கொண்டு லிட்டில் இந்தியா பக்கம் வரும் ட்ரைஷாக்களில் அதைப் பார்க்கலாம். குழந்தைகளின் தள்ளுவண்டியிலும் சென்னை ஆட்டோவின் ரெக்ஸின் கூரையிலும் இருப்பது இதன் உறவுக்காரன்தான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரிக்‌ஷாவின் கூரை பயணிக்கு மட்டும். இழுத்தவர் மழையில் நனைந்துகொண்டேதான் ஓடினார். ட்ரைஷாவை மிதித்தவருக்கும் அதே கதைதான். சவாரி செய்பவர் காசு கொடுக்கிறார், கூரை அவருக்கு. இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காருக்கு வருவோம். ட்ரைஷாவின் விசிறிக் கூரையை மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காரில் வைத்தால் காற்றில் படபடத்துக் கிழிந்துவிடும். ஆகவே கார் கூரை ஒரே ஆணியில் சுழல்வதில்லை. ஒன்றோடொன்று இணைந்த பல கம்பிகள் சேர்ந்து இயங்கி, கூரையின் முன்விளிம்பை முன்கண்ணாடிச் சட்டத்தில் சரியாகக் கொண்டுபோய்ப் பொருத்துகின்றன. ஒரு கொக்கி அதைப் பூட்டுகிறது. பூட்டும்போது துணி மத்தளத் தோல்போல விறைப்பாக நிற்க வேண்டும், மடிக்கும்போது அதே துணி சுருங்கி அடங்க வேண்டும். இந்த இரண்டையும் ஒரே துணியிடம் கேட்பதுதான் வடிவமைப்பாளரின் முதல் தலைவலி.

துணிக்குப் பதிலாக இரும்புக் கூரையையே மடக்க முடியாதா என்று யோசித்தவர் ஒரு பல் மருத்துவர் என்றால் வியப்பாக இருக்கும். ஜார்ஜ் போலான் என்ற பிரெஞ்சுக்காரர் பல் மருத்துவத்தோடு கார் வடிவமைப்பிலும் ஈடுபட்டவர். காரின் டிக்கி மூடி பின்பக்கமாகத் திறக்க, முழுக் கூரையும் வழுக்கிக்கொண்டு அதற்குள் போய் மறையும் அமைப்பை அவர் உருவாக்கினார். 1934-ல் பெஜோ நிறுவனம் அதை 'எக்லிப்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. எக்லிப்ஸ் என்றால் கிரகணம்; கூரை மறைவதால் அந்தப் பெயர். பிறகு வந்த பெஜோ 402 காரில் முதலில் மின்சாரத்தால் இயங்கிய கூரை, சீக்கிரமே கையால் இயக்கும் கூரையாக மாற்றப்பட்டது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. போலானின் முடிவு சோகமானது. இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மானியரை எதிர்த்து இரகசியமாக வேலை செய்த அவரை 1942-ல் அவர்கள் சுட்டுக் கொன்றார்கள்.

அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 1957-ல் 'ஸ்கைலைனர்' காரைக் கொண்டுவந்தது. மூன்றே ஆண்டுகளில், 1959-ல், அதை நிறுத்திவிட்டது. விற்றவை சுமார் 48,000. அந்தக் கூரையை இயக்க பல மோட்டார்கள், வரிசையாக ரிலே சுவிட்சுகள், 180 மீட்டருக்கு மேல் மின்கம்பி என்று ஒரு சிறிய தொழிற்சாலையே காருக்குள் இருந்தது. கூரை உள்ளே போய்விட்டால் டிக்கியில் பெட்டி வைக்க இடம் கிடையாது என்றே சொல்லலாம். 1996-ல் மெர்சிடிஸ் எஸ்எல்கே கார் 25 விநாடியில் மடங்கும் இரும்புக் கூரையுடன் வந்து அந்த எண்ணத்துக்கு மறுபடியும் உயிர் கொடுத்தது. 2000-ல் பெஜோ 206 சிசி அதைச் சிறிய காருக்கும் கொண்டுவந்தது.

அந்த 25 விநாடியில் என்னென்ன நடக்கிறது தெரியுமா? பக்கக் கண்ணாடிகள் முதலில் கீழே இறங்கும். முன் கொக்கி விடுபடும். டிக்கி மூடி வழக்கத்துக்கு மாறாகப் பின்பக்கம் திறக்கும். கூரை இரண்டாக மடிந்து, தட்டின் மேல் தட்டு வைத்ததுபோல உள்ளே இறங்கும். பிறகு மூடி அடைத்துக்கொள்ளும். ஒவ்வோர் அசைவும் முடிந்ததா என்று உணர்கருவி சொன்னால்தான் அடுத்த அசைவு தொடங்கும். ஓர் உணர்கருவி வாய் திறக்காவிட்டால் கூரை அந்தரத்தில் நின்றுவிடும். மழையில் கூரை இல்லாத காரைவிட, பாதியில் நிற்கும் கூரையுள்ள கார் மோசம். அதை ஓட்டிக்கொண்டு போகவும் முடியாது. அதனால்தான் அவசரத்துக்குக் கையால் மூடும் வழி பல கார்களில் வைக்கப்பட்டிருக்கிறது.

இந்த இரும்புக் கூரை மோகம் நீடிக்கவில்லை. 2009-ல் இரும்புக் கூரையுடன் வந்த பிஎம்டபிள்யூ இஸட்4, 2018-ல் துணிக்குத் திரும்பியது. மெர்சிடிஸ் எஸ்எல் காரும் 2021-ல் துணிக் கூரையோடு வந்தது. எடை குறைவு, டிக்கியில் இடம் மிச்சம். ட்ரைஷாக்காரருக்கு இது முன்பே தெரியும் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

இப்போது நம் ஊர் மழை. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஏறக்குறைய 170 நாள் மழை நாள். ஆகவே இங்கே கூரையைத் திறப்பது பெரிய காரியமில்லை, மூடுவதுதான் காரியம். இன்னோர் உண்மையும் உண்டு: மடங்கும் கூரையில் தண்ணீர் அறவே நுழையாதபடி செய்வது கடினம். இரப்பர் விளிம்பைத் தாண்டி வரும் தண்ணீரை ஓர் ஓடையில் பிடித்து, குழாய் வழியாகக் காரின் அடியில் விட்டுவிடுவதே வடிவமைப்பாளர் கையாளும் தந்திரம். அந்தக் குழாயில் இலை அடைத்தால் தண்ணீர் காலடிக்கு வந்துவிடும். சாலையோரமெங்கும் தூங்குமூஞ்சி மரம் நிற்கும் ஊரில் இலைக்குப் பஞ்சமா? (அந்த மரமே ஒரு மடக்குக் கூரைதான். மாலையிலும் மழைமூட்டத்திலும் இலைகளை மூடிக்கொள்ளும். கார் மழைக்குக் கூரையை மூடுகிறது, மரமோ கூரையை மடக்கி மழையைத் தன் வேருக்கு விடுகிறது.) நண்பகல் வெயிலிலும் இங்கே கூரையைத் திறக்க முடியாது. ஆக, வாகன உரிமைச் சான்றிதழுக்கும் சேர்த்துப் பெரும்பணம் கொடுத்து வாங்கிய திறந்த காரை, மழையில்லாத இரவுகளில்தான் நிம்மதியாகத் திறந்து ஓட்ட முடியும்.

காலாங்கில் 2014-ல் திறக்கப்பட்ட தேசிய விளையாட்டரங்கத்தின் கூரையும் மூடித் திறப்பதுதான். 310 மீட்டர் அகலக் குவிமாடம், நடுவே நகரும் பகுதி. மூட அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அது போதும். வானிலையைப் பார்த்து முன்கூட்டியே முடிவெடுக்க அங்கே ஆள் இருக்கிறார்கள்.

காரின் கூரையில் வெளியே தெரியாத ஒரு வேலை இருக்கிறது. சாதாரணக் காரில் கூரை என்பது வெறும் மூடி அல்ல. அது உடலின் முதுகெலும்பு. அதை வெட்டி எடுத்தால் கார் பள்ளத்தில் இறங்கும்போது முறுக்கிக்கொள்ளும். அதனால் அடித்தளத்தைக் கூடுதல் இரும்பு வைத்துப் பலப்படுத்துகிறார்கள். கார் கவிழ்ந்தால் தலையைக் காக்க, முன்கண்ணாடித் தூண்களைத் தடிமனாக்குகிறார்கள். 1989-ல் மெர்சிடிஸ் எஸ்எல் கார், கவிழப் போகிறது என்று தெரிந்ததும் இருக்கைக்குப் பின்னால் கணநேரத்தில் எழும்பி நிற்கும் வளையத்தையே கொண்டுவந்தது. இருக்கை வார், காற்றுப்பை எல்லாம் உண்டு. கூரையை எடுத்ததற்கு இத்தனை ஈடு. அதுவும் இரண்டு பேருக்காக.

லாரிக்கு இப்போது வந்துவிட்டோம். காலையில் சிங்கப்பூர்ச் சாலைகளில் போகும் லாரிகளின் பின்தட்டில் வெளிநாட்டு ஊழியர்கள் உட்கார்ந்து போவதைப் பார்க்காதவர் இல்லை. அவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஞாயிற்றுக்கிழமை ஃபேரர் பார்க்கிலும் தேக்காவிலும் காய்கறி வாங்கி, ஊருக்குப் பணம் அனுப்பி, நண்பர்களோடு பேசிக்கொண்டிருப்பவர்களும் அவர்கள்தான். 2021 ஏப்ரலில் தீவு விரைவுச்சாலையில் ஊழியர்களை ஏற்றிச் சென்ற லாரி, நின்றிருந்த டிப்பர் லாரியில் மோதி இருவர் உயிரிழந்தனர். அதன் பிறகு விவாதம் சூடுபிடித்தது. 2023 ஜனவரி 1 முதல் ஊழியர்களை ஏற்றும் லாரிகளுக்கு மழைத்திரை கட்டாயமானது. ஓட்டுநர் விழிப்போடு இருக்கிறாரா என்று கவனிக்க உடன் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற விதியும் அப்போது நடப்புக்கு வந்தது. லாரியில் ஏற்றுவதையே நிறுத்தலாமா என்ற கேள்வி அதே ஆண்டு நாடாளுமன்றத்திலும் எழுந்தது. கட்டுமானத் துறையின் செலவு, பேருந்துகளும் ஓட்டுநர்களும் போதாமை ஆகியவை காரணமாகக் காட்டப்பட்டன.

மழைத்திரை நல்ல காரியம், சந்தேகமில்லை. நனைந்த சட்டையோடு எட்டு மணி நேரம் வேலை செய்தவரிடம் கேட்டால் தெரியும். ஆனால் அதுவும் ஒரு மடங்கும் கூரை. அப்படியானால் காரிடம் கேட்ட கேள்விகளை லாரியிடமும் கேட்க வேண்டாமா? மேலே கூரை இருந்தும் மழை பக்கவாட்டில் அடித்தால் என்ன பயன்? பக்கத் திரைகளை முழுக்க இறக்கினால் காற்று எங்கே போகும்? உள்ளே இருபது பேர் புழுக்கத்தில் வேகமாட்டார்களா? திரையை இறக்குவது யார்? ஓட்டுநர் தம் இருக்கையிலிருந்து எதுவும் செய்ய முடியாது, விரைவுச்சாலை ஓரத்தில் நிறுத்திக் கயிறு கட்டுவதும் ஆபத்து. ஓடும் லாரியில் ஊழியர் எழுந்து நின்று கட்டுவது அதைவிட ஆபத்து.

அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று. காரில் கூரையை எடுத்தபோது தூணும் வளையமும் வாரும் சேர்த்தார்கள். லாரியில் கூரையைச் சேர்த்தார்கள், ஆனால் பின்தட்டில் வார் கிடையாது, மோதினால் தாங்கும் தூணும் கிடையாது. திரை மழையைத் தடுக்கும், மோதலைத் தடுக்காது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கூரை போட்டாகிவிட்டது, இனி கவலையில்லை என்று நினைத்துவிடக் கூடாது. பேருந்துக்கு மாறிய முதலாளிகள் இருக்கிறார்கள். மாற முடிந்தவர்கள் மாறுவதே முறை.

மாறும் வரை, அந்தத் திரையையாவது ஒழுங்காக வடிவமைக்கலாம். அதற்கு மெர்சிடிஸ் பொறியாளர் தேவையில்லை. உட்கார்ந்தபடியே ஒருவர் ஒரு கையால் இறக்கக்கூடிய உருளைத் திரை, வெளிச்சம் வர நடுவில் ஒளி ஊடுருவும் பட்டை, காற்று போக மேல்விளிம்புக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி, அந்த இடைவெளியில் சாரல் அடிக்காமல் ஒரு சிறிய தாழ்வாரம். கூரையில் தேங்கும் தண்ணீர் கடைசியில் உட்கார்ந்திருப்பவர் மடியில் கொட்டாமல் மூலையில் இறங்க ஒரு குழாய். ஓட்டுநருக்குக் கேட்கும்படி ஒரு மணி. இவை எல்லாம் ஒரு பட்டறையில் செய்துவிடக்கூடியவை.

ஏப்ரல் முதல் நவம்பர் வரை சிங்கப்பூரைத் தாக்கும் சுமத்ராக் காற்று, பெரும்பாலும் விடியற்காலையிலும் காலையிலும்தான் வருகிறது. பலத்த காற்றோடு மழை பக்கவாட்டில் அடிக்கும். தங்குவிடுதிகளிலிருந்து லாரிகள் புறப்படுவதும் அந்த நேரத்தில்தான்.