நம் வீட்டுக் கதையும் சித்திரமே!

(தொழிலாளர் படிப்பகக் கூட்டமொன்றில் பேசியதன் சுருக்கம்)



சித்திரம் என்றால் ராஜா, ராணி, சீமான்களின் மாளிகை என்றே நமக்குப் பழக்கி வைத்திருக்கிறார்கள். நம் தாய் அடுப்பூதுவதையும், தகப்பனார் வேலை முடிந்து வந்து திண்ணையில் சாய்வதையும் யார் வரைவார்கள்? நாம்தான் வரைய வேண்டும். முடியுமா? முடியும் என்று காட்டியவர்கள் நம்மைப் போன்ற பாட்டாளிகளே.

இங்கிலாந்தின் வடபகுதியில் ஆஷிங்டன் என்று ஒரு நிலக்கரிச் சுரங்க ஊர். 1934-ம் ஆண்டு அங்குள்ள தொழிலாளர் சிலர், ஓவியத்தைப் பற்றி அறிய மாலை வகுப்பு ஒன்று வைத்தார்கள். ஆசிரியர் ராபர்ட் லியோன் இத்தாலிய மேதைகளின் படங்களைக் காட்டினார். அவர்கள் மனத்தில் அது ஒட்டவில்லை. ஆகவே அவர்களையே வரையச் சொன்னார்.

வீட்டில் வரைந்ததைக் கொண்டுவந்து, கூடி விமர்சித்தார்கள். எதை வரைந்தார்கள்? குனிந்து கரி வெட்டுவதை, காய்கறித் தோட்டத்தை, புறாக் கூண்டை. 13 வயதில் சுரங்கத்தில் இறங்கிய ஆலிவர் கில்பர்ன், கந்தல் துணியை நறுக்கிக் கோணியில் கோத்துத் தரைவிரிப்பு செய்யும் வீட்டு வேலையை வரைந்தார். பிற்காலத்தில் தம் உழைப்பு வாழ்க்கையையே வரிசைப் படங்களாக்கினார்.

1981-ல் பக்கத்து உட்ஹார்ன் சுரங்கம் மூடப்பட்டது. 1988-ல் ஆஷிங்டன் சுரங்கமும் மூடப்பட்டது. வேலை போயிற்று. ஆனால் அந்த மனிதர்கள் வாழ்ந்த விதம் அழியவில்லை. உட்ஹார்ன் சுரங்கம் இருந்த இடத்து மியூசியத்தில் அப்படங்களை இன்றும் காணலாம்.

இங்கே சங்கு ஓய்ந்த மில்கள் எத்தனை! மில் கட்டிடத்தின் போட்டோ எங்காவது இருக்கும். இரவு ஷிப்டுக்குப் புறப்படும் தகப்பன், தூங்கும் குழந்தையை எட்டிப் பார்த்த பார்வை எங்கே இருக்கிறது? பண்ணைக் கணக்கில் கூலி நெல்லின் அளவு இருக்கும். நடவு முடிந்து வந்து, அந்த நெல்லைக் குத்திக் கஞ்சி காய்ச்சிய தாயின் முகம் அதில் இருக்காது.

இதற்கு விலையுயர்ந்த சாயம் வேண்டாம். ஆஷிங்டன் தோழர்கள் வீட்டுச் சுவருக்குப் பூசும் வர்ணத்தையும் பயன்படுத்தினார்கள். நமக்குக் கரித்துண்டும், பிள்ளையின் நோட்டுத் தாளும் போதும். கோடு கோணினால் கோணட்டும்!

ஒன்று மட்டும் அவசரம். பெரியவர்கள் நம்முடன் இருக்கும்போதே வரைந்து அவர்களிடம் காட்டுங்கள். "கூடையை இடுப்பில் வைக்கமாட்டோம், தலையில்தான்" என்று திருத்துவார்கள். அந்தத் திருத்தம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அடுத்த கூட்டத்திற்கு ஒவ்வொருவரும் ஒரு படத்துடன் வாருங்கள். கூடிப் பார்ப்போம், கூடி விமர்சிப்போம்!